ஆடுகளமும் அறிஞர் கதிரையும்: கேஜன் இசைவிழாக்கள் குறித்து ஒரு மறுப்புரை

நாட்டார் கலைகளைப் பற்றி எழுதும் அறிஞர் சிலரிடத்து நெடுங்காலமாக ஒரு மனக்குறை இருந்து வருகின்றது. கிராமத்திற் பிறந்த பாடலும் ஆடலும் விழாமேடைக்கு வந்த அன்றே உயிர் நீத்தன என்பது அம்மனக்குறையின் சாரம். விழாவில் மக்கள் இல்லை, கூட்டமே உண்டு; கலை இல்லை, களிப்பே உண்டு; பாடலின் பொருளறியாதோர் இரண்டு நாள் ஆடிவிட்டுத் திங்கட்கிழமை தத்தம் அலுவலகங்களுக்குத் திரும்பிவிடுகின்றனர்; எஞ்சுவது நுகர்பொருளொன்றே என்பர். கேட்டவுடன் தலையசைக்கத் தோன்றும் கூற்று இது. அவ்வாறு எளிதில் தலையசைக்க வைக்கும் கருத்துக்களையே அதிகம் ஐயுறவேண்டும். லூசியானாவின் கேஜன் இசையை எடுத்துக்கொண்டு இக்கூற்றை உரைத்துப் பார்த்தால், அதிலே உண்மை எவ்வளவு, மேட்டிமை எவ்வளவு என்பது புலப்படும்.

அமெரிக்க ஐக்கிய நாடுகளின் தென்மாநிலமான லூசியானாவில், லஃபயெற் நகரின் ஜிரார்ட் பூங்காவில், ஒக்ரோபர் மாதத்து வார இறுதியொன்றில் கேஜன், கிறியோல் மக்களின் விழா நடைபெறுவது வழக்கம். நுழைவுக் கட்டணம் இல்லை. மரங்களினிடையே மேடை, மேடையின் முன்னே ஆடுவதற்கு வெளி. மழை பெய்தாற் சேறு, பெய்யாவிடிற் புழுதி. அக்கோடியனும் பிடிலும் ஒலிக்கத் தொடங்கியதும் எழுபது வயதுத் தம்பதியர் எழுந்து கைகோத்துக் களத்தை இடஞ்சுழியாகச் சுற்றி வருவர். அவர்களுக்குப் பின்னே பேரப்பிள்ளைகள். அவர்களுக்கும் பின்னே, தொலைவிலுள்ள மாநிலங்களிலிருந்து வந்து, காலையிலே அடவு பழகி, மாலையிலே தடுமாறி ஆடும் அந்நியர். இத்தகைய விழாக்களில் அடிக்கடி எழும் சச்சரவு ஒன்று உண்டு. மடக்குக் கதிரையைக் கொண்டுவந்து மேடையருகே விரித்து அமர்ந்து இசையைக் கேட்க விரும்புவோருக்கும், அவ்விடத்தில் ஆட விரும்புவோருக்கும் இடையிலான சச்சரவு அது. மறைக்கிறார்கள் என்பார் ஒரு சாரார். இடத்தை அடைக்கிறார்கள் என்பார் மறு சாரார். பார்வைக்குச் சிறிய விடயம். ஆயின் இந்த இசையின் வரலாறு முழுவதும் அந்தக் கதிரையைச் சுற்றியே இயங்குகின்றது எனின் அது மிகையன்று.

கேஜன் என்பார் யார்? இன்றைய கனடாவின் நோவா ஸ்கோஷியாப் பகுதியில், அக்கேடியா எனப்பட்ட நிலத்தில், பதினேழாம் நூற்றாண்டிலே குடியேறிய பிரெஞ்சு மொழி பேசிய உழவர்களின் வழிவந்தோர். பிரித்தானிய முடிக்கு நிபந்தனையற்ற விசுவாசப் பிரமாணம் செய்ய மறுத்தமைக்காக 1755ஆம் ஆண்டு முதல் அவர்கள் கப்பல்களில் ஏற்றி நாடு கடத்தப்பட்டனர். பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோர் வேரோடு பிடுங்கப்பட்டனர், குடும்பங்கள் சிதறின, நோயிலும் கடலிலும் மடிந்தோர் பலர். எஞ்சியோரிற் சிலர் 1760களின் நடுப்பகுதியிலிருந்து லூசியானாவின் சதுப்பு நிலங்களையும் புல்வெளிகளையும் வந்தடைந்தனர். 1785இல் பிரான்சிலிருந்து ஏழு கப்பல்களில் ஏறத்தாழ 1,600 பேர் வந்து சேர்ந்தனர். அக்கேடியன் என்ற பெயர் வாய்வழியே தேய்ந்து கேஜன் ஆயிற்று. அவ்வெளியேற்றத்தினால் விளைந்த இன்னலைப் பிரித்தானிய முடி ஒரு பிரகடனத்தின் மூலம் ஏற்றுக்கொண்டது 2003ஆம் ஆண்டிலேதான். ஏறக்குறைய இருநூற்றைம்பது ஆண்டுகள் கழித்து வந்த அந்தக் காகிதத்தில் இழப்பீடு எதுவும் இருக்கவில்லை என்பதையும் சொல்லிவைத்தல் தகும்.

லூசியானாவில் இம்மக்கள் தனித்து வாழவில்லை. ஆபிரிக்க அடிமைகளின் வழிவந்த, பிரெஞ்சு பேசிய கறுப்பினக் கிறியோல் மக்கள், பூர்வீக இந்தியர், ஸ்பானியர், ஜேர்மானியர், பின்னர் ஆங்கிலம் பேசிய அமெரிக்கர் ஆகிய அனைவரோடும் கலந்து, கொண்டும் கொடுத்தும் உருவானதே அவர்களது இசை. அது உருவான இடம் எது என்பதே இங்கு முக்கியம். கோயிலன்று, அரசவையன்று, ஆலையன்று. வீடு. சனிக்கிழமை இரவில் அயலார் ஒருவரின் வீட்டிலே தளபாடங்களை வெளியேற்றி, பலகைத் தரை வழுக்குவதற்குச் சோளமாவைத் தூவி, இசைஞரை மூலையிலே கதிரையில் இருத்தி, ஊரே கூடி ஆடிற்று. கைக்குழந்தைகளைப் பின்னறையிலே கிடத்தி உறங்க வைத்தனர். குழந்தையை உறங்கச் சொல்லும் மழலைத் தொடரான ‘ஃபே டோ டோ’ என்பதே பிற்காலத்தில் அவ்வாட்டத்துக்குப் பெயராயிற்று. தாலாட்டின் சொல் நடன இரவுக்குப் பெயரானது எத்துணை இயல்பான ஆகுபெயர் என்பதைச் சொல்லணி கற்போர் சிந்தித்து மகிழலாம்.

இந்த இசையின் ஒவ்வோர் உறுப்பும் ஆட்டத்தின் தேவையால் வடிக்கப்பட்டது. பத்துப் பொத்தான்களையுடைய சிறிய ஜேர்மன் அக்கோடியன் ஏன் இப்புல்வெளிகளிலே வேரூன்றிற்று? அது உரத்து ஒலித்தது. பிடிலின் மெல்லொலி விழுங்கப்படும் கூட்ட இரைச்சலிலும் கேட்டது. வியர்வையிலும் ஈரக்காற்றிலும் எளிதிற் சுருதி குலையவில்லை. இழுக்கும்போது ஒரு சுரமும் அமுக்கும்போது வேறொரு சுரமும் தரும் அதன் துருத்தி, வாசிப்பவனின் கைகளையே காற்தாளத்தோடு பிணைத்துவிட்டது. பிடில் இரண்டாயின் ஒன்று மெட்டையும் மற்றொன்று தாளத்தையும் தாங்கிற்று. வைக்கோல் வாரியின் இரும்புப் பற்களை வளைத்துச் செய்த முக்கோணம் அடிவைப்பைக் குறித்தது. பாடகன் தொண்டையின் உச்சத்தில் நின்று அழுவதுபோற் பாடுவது ஏன் என்று கேட்போர் அழகியற் காரணங்களைத் தேடுவர். ஒலிபெருக்கி இல்லாத அறையிலே, நூறு காலடிகளுக்கு மேலாகத் தன் குரலைக் கேட்கச்செய்ய அவனுக்கு வேறு வழி இருக்கவில்லை என்பதே முதற் காரணம். துயரம் அக்குரலிலே குடியேறியது உண்மை. குரல் உயர்ந்ததற்குக் கால்களே காரணம் என்பதும் உண்மை.

ஆகவே ஆட்டத்தைக் கேஜன் இசைக்கு நேர்ந்த விபத்தாகவும், அமர்ந்து கேட்டலை அதன் தூய நிலையாகவும் கொள்பவர் வரலாற்றைத் தலைகீழாக வாசிப்பவராவர்.

தூய காலம் என்ற மயக்கத்தையும் இங்கேயே தீர்த்துவிடலாம். வீட்டு ஆட்டங்கள் இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியிலே கட்டணம் அறவிடும் ஆடல் மண்டபங்களுக்கு வழிவிட்டன. பணம் விழாக்களோடு வந்ததன்று. 1928இல் ஜோ ஃபல்கொனும் பின்னர் அவர் மனைவியான கிளியோமா புறோவும் நியூ ஓர்லியன்சில் முதலாவது கேஜன் இசைத்தட்டைப் பதிவுசெய்தனர். பதிவுசெய்தது வணிகக் கொம்பனி, நோக்கம் இசைத்தட்டும் அதைப் போடும் கருவியும் விற்றல். 1930களில் எண்ணெய்த் தொழிலோடு ஆங்கிலமும் வானொலியும் பெருக, அக்கோடியன் பின்னுக்குத் தள்ளப்பட்டு, ரெக்ஸாஸ் பாணித் தந்திவாத்தியக் குழுக்கள் முன்வந்தன. 1946இல் ஹரி சோற்ஸ் என்னும் பிடில் வாசிப்பவரின் ‘ஜோலி பிளோன்’ பெருவெற்றி கண்டது. உலகப்போர் முடிந்து ஊர் திரும்பிய இளைஞர்கள் பழைய ஒலியை நாடினர். 1948இல் பார்வை குன்றிய ஐறி லெஜூன் அக்கோடியனோடு பாடிய வால்ஸ் ஒன்று அவ்வேட்கைக்கு விடையளித்தது. மின்சாரம் வந்ததும் மின்கிற்றாரும் முரசும் சேர்ந்தன. இவற்றில் எந்த ஆண்டை நிறுத்தி, இதுவே உண்மையான கேஜன் இசை, இதற்குப் பின் வந்ததெல்லாம் சீரழிவு என்று கோடு கிழிப்பது? கிழிப்பவர் தமக்கு முதன்முதலிற் கிடைத்த இசைத்தட்டின் ஆண்டையே தெரிகின்றார் போலும்.

இனி, இவ்விசையை உண்மையில் நசுக்க முயன்றது எது என்று நோக்குதல் வேண்டும். 1921ஆம் ஆண்டு லூசியானா அரசியலமைப்பு, பொதுப் பாடசாலைகளில் ஆங்கிலமே போதனா மொழி என விதித்தது. வீட்டிலே பிரெஞ்சு மட்டுமே கேட்டு வளர்ந்த பிள்ளை, பாடசாலையிலே அம்மொழியில் வாய்திறந்தமைக்காகத் தண்டிக்கப்பட்டது. இனிப் பாடசாலை வளவில் பிரெஞ்சு பேசமாட்டேன் என்னும் வாசகத்தை நூற்றுக்கணக்கான முறை எழுதவைக்கப்பட்ட தலைமுறை ஒன்று உண்டு. அத்தலைமுறை தன் பிள்ளைகளுக்கு அம்மொழியைக் கொடுக்காது விட்டதில் வியப்பில்லை. அவமானத்தைச் சொத்தாக எழுதிவைக்க எந்தத் தாயும் விரும்பாள். பாடசாலை ஆங்கிலமாயிற்று, அலுவலகம் ஆங்கிலமாயிற்று, எண்ணெய்க் கிணற்று மேற்பார்வையாளனும் ஆங்கிலம் பேசினான். பிரெஞ்சுச் சொல் உரத்து, வெட்கமின்றி, பலர் முன்னிலையில் ஒலித்த இடங்களில் ஆடல் மண்டபமே தலையாயது. ஆடியவன் ஒவ்வொரு சொல்லையும் சிந்தித்து ஆடினான் என்பதன்று. அச்சொற்கள் அவன் வியர்வையோடு கலந்து கிடந்தன. பாடுவதற்கு ஒருவன் வேண்டியிருந்தது. பாடுவதற்கு மொழி வேண்டியிருந்தது. அறிஞர் எவரும் அக்காலத்தில் அம்மொழியைக் காக்க வந்திலர். காத்தவர் சனிக்கிழமை ஆடவந்த உழவரும் மீனவரும்.

வந்திலர் என்பது மட்டுமன்று. வந்தோர் அதனை இகழவும் செய்தனர். கல்வி கற்று நகரத்துக்குப் பெயர்ந்த கேஜன் நடுத்தர வர்க்கம் தன் பாட்டன்மாரின் இசையை ‘சங்கி சாங்க்’ என்று நையாண்டி செய்தது. முக்கோண இரும்பின் ஒலியைக் கேலி செய்யும் சொல் அது. 1964ஆம் ஆண்டு றோட் ஐலண்டிலே நியூபோர்ட் நாட்டாரிசை விழாவுக்கு லூசியானாவிலிருந்து மூவர் அழைக்கப்பட்டபோது, இந்த ஓசையை வெளியுலகுக்குக் காட்டி மானத்தை வாங்கப்போகிறார்களே என்ற தொனியில் உள்ளூர்ப் பத்திரிகையொன்று எள்ளி எழுதிற்று. அம்மூவரில் ஒருவர் டூவி பல்ஃபா. பிடில் வாசிப்பவராயினும் அன்று கடைசி நேரத்தில் இன்னொருவருக்குப் பதிலாகக் கிற்றாரோடு போனவர். ஊர் ஆட்டங்களிற் சில நூறு பேருக்கு மேல் கண்டிராத அவர், பல்லாயிரவர் எழுந்துநின்று கைதட்டுவதை அங்கே கண்டார். அந்தக் கைதட்டலின் எதிரொலியை வீட்டுக்குக் கொண்டுவருவதே தம் பணி எனக் கருதித் திரும்பினார்.

இவ்விடத்திலேதான் கதிரை வருகின்றது. 1968இல் மாநிலச் சட்டமன்றம் லூசியானாவில் பிரெஞ்சு மொழியை வளர்ப்பதற்கென ஓர் அமைப்பை நிறுவிற்று. அதன் தலைவர் ஜேம்ஸ் டொமான்ஜோ என்னும் சட்டத்தரணி, முன்னாட் காங்கிரஸ் உறுப்பினர். பிரான்சு, பெல்ஜியம், கியூபெக் ஆகிய இடங்களிலிருந்து ஆசிரியர்கள் வரவழைக்கப்பட்டனர். உள்ளூர்ப் பாட்டியின் பிரெஞ்சு பாடப்புத்தகத்துக்கு உகந்ததாகக் கருதப்படவில்லை; உள்ளூர் இசையின் மீதும் தொடக்கத்தில் அவ்வமைப்புக்குப் பெருமதிப்பு இருக்கவில்லை. டூவி பல்ஃபா, நாட்டாரிசை ஆய்வாளர் ரால்ஃப் றின்ஸ்லர், அப்போது மாணவராயிருந்த பரி ஆன்செலே முதலானோரின் முயற்சியால், 1974ஆம் ஆண்டு மார்ச் 26ஆந் திகதி லஃபயெற் நகரின் பிளக்கம் அரங்கிலே கேஜன் இசைக்கு மரியாதை செலுத்தும் பெருங்கச்சேரி ஒன்று நிகழ்ந்தது. புயல் மழையையும் பொருட்படுத்தாது ஏறத்தாழப் பன்னீராயிரம் பேர் கூடினர். அங்கே ஆடுவதற்கு இடம் விடப்படவில்லை. வேண்டுமென்றே விடப்படவில்லை. மக்கள் முதன்முறையாக அமர்ந்து, தம் இசையைச் செவியால் மட்டும் கேட்கவேண்டும் என்பது ஏற்பாட்டாளர் எண்ணம்.

அவ்வெண்ணத்தைக் குறைகூறுதல் நேர்மையன்று. தன் இசையை இரைச்சல் என்று நம்பவைக்கப்பட்ட ஒரு சமூகம், அதனை ஒரு நாளாவது இசை என்று மதித்து அமரவேண்டியிருந்தது. மேட்டிமையாளர் தம் இசைக்குச் செய்யும் மரியாதையை உழவனின் இசைக்கும் செய்துகாட்ட வேண்டியிருந்தது. அது ஒரு போர்த்தந்திரம், காலத்துக்கேற்ற தந்திரம், வெற்றியும் பெற்றது. அக்கச்சேரியே ஆண்டு விழாவாக மலர்ந்தது. ஆயின் பின்னர் நிகழ்ந்ததை நோக்குக. விழா திறந்த வெளிக்கு வந்ததும் மக்கள் எழுந்து ஆடத் தொடங்கினர். எவரும் அவர்களுக்கு ஆணையிடவில்லை. அமர்ந்து கேட்டது அவர்களுக்கு மரியாதையைக் கற்பித்தது; எழுந்து ஆடியது அந்த மரியாதையை அவர்கள் தமதாக்கிக்கொண்ட விதம். இதனைக் கண்டும், தந்திரத்தைத் தத்துவமாக்கி, அமர்ந்திருப்பவனே இரசிகன், ஆடுபவன் வெறும் களியாட்டக்காரன் என்று தீர்ப்புக் கூறுவோர், 1921இன் பாடசாலை ஆசிரியரது பிரம்பையே வேறு கையில் ஏந்துகின்றனர். உடலை அசைப்பது நாகரிகமற்றது, கைகட்டி இருப்பதே பண்பாடு என்ற எண்ணம் இம்மக்களின் எண்ணமன்று. அது அவர்கள் மீது சுமத்தப்பட்ட எண்ணம்.

எனினும், மறுபுறத்தே நிற்கும் ஒரு கூட்டத்தாருக்கு மேற்கூறியவை ஆறுதல் தருமாயின் அவ்வாறுதலை உடனடியாகப் பறித்தல் வேண்டும். இசைக்கு மொழியில்லை, கால்கள் போதும் என்போர் அவர்கள். நல்ல காலம் உருண்டு வரட்டும் என்ற பொருள்படும் பிரெஞ்சுத் தொடரொன்றை மேற்சட்டைகளிலும் பியர்க் குவளைகளிலும் அச்சிட்டு விற்பது லூசியானாவின் உல்லாசப் பயணத் தொழில். உணவும் குடியும் ஆட்டமும் தவிர வேறறியாத, கவலையற்ற, சிரித்த முகமுள்ள கேஜன் என்னும் உருவம் அத்தொழிலின் படைப்பு. கவலையற்ற மக்களா? அவர்கள் சுழன்றாடும் வால்ஸ் பாடல்களைக் கேட்கட்டும். பிரிந்துபோன துணை, தாயற்ற அநாதை, திரும்பி வர வீடில்லாத வழிப்போக்கன், சிறைக்குப் போகும் மகன் என்பனவே அவற்றிற் பெரும்பாலானவற்றின் பொருள். மூன்றடித் தாளத்தில் ஒருவரையொருவர் அணைத்துக்கொண்டு ஆடுவோரின் தலைக்கு மேலே ஒப்பாரிக்கு நிகரான ஒன்று ஒலிக்கின்றது. இந்த முரண் தெரியாமல் ஆடுபவன் பாதியையே ஆடுகின்றான். துயரத்தை ஆடித் தாங்கிய மக்களுக்கு, துயரமே இல்லாத மக்கள் என்று பட்டம் சூட்டுதல் எள்ளலிலும் கொடியது.

ஆடுகளம் குற்றமற்ற களமும் அன்று. அமெடே ஆர்டுவான் என்னும் கறுப்பினக் கிறியோல் கலைஞரை விலக்கிக் கேஜன் இசை வரலாறு எழுத இயலாது. வெள்ளையரான டென்னிஸ் மக்கீ என்னும் பிடில் கலைஞரோடு அவர் 1929இல் இசைத்தட்டுப் பதிவு செய்தார். 1934 வரை முப்பத்துநான்கு பாடல்களைப் பதித்தார். இன்றைய கேஜன் அக்கோடியன் வாசிப்பின் அடித்தளத்திற் பெரும்பகுதி அவர் கைவண்ணம். வெள்ளையர் ஆடும் இடங்களுக்கு வாசிப்பதற்கு அவர் அழைக்கப்பட்டார்; ஆடுவதற்கு அழைக்கப்பட்டாரல்லர். 1930களின் இறுதியில் ஒரு வெள்ளையர் ஆட்டத்திலே வியர்வையைத் துடைக்க ஒரு வெள்ளைப் பெண் கைக்குட்டையைக் கொடுத்தமைக்காக, ஆட்டம் முடிந்தபின் வழிமறித்துக் கடுமையாகத் தாக்கப்பட்டார் என அக்காலத்தவர் கூறியுள்ளனர். மனமும் உடலும் நைந்து, பைன்வில் நகரத்து அரச மனநோய் மருத்துவமனையில் 1942இல் இறந்தார். புதைக்கப்பட்ட இடத்துக்கு அடையாளமில்லை. அவருக்கு ஒப்பலூசாஸ் நகரில் சிலை வைக்கப்பட்டது 2018இல். லஃபயெற் விழாவின் பெயரிலே கிறியோல் என்னும் சொல் சேர்க்கப்பட்டதும் 2008இலேதான். அக்கோடியன் ஒலிக்கத் தொடங்கியதும் எல்லாரும் ஒன்று என்று உருகுவோர், ஒரு கைக்குட்டையின் விலை என்னவாக இருந்தது என்பதையும் அறிந்துகொண்டு உருகட்டும்.

கிறியோல் மக்களின் இசை கிளிப்டன் ஷெனியேயின் கைகளில் புளூஸ் இசையோடு கலந்து ஸைடெகோ என்னும் தனி வடிவமாக வளர்ந்தது வேறொரு பெருங்கதை. தோளில் மாட்டும் நெளிதகட்டு உலோகச் சட்டையை விரலணிகளால் உராய்ந்து தாளமிடுவது அவ்வடிவத்தின் முத்திரை. விழாக்களிலே இரண்டும் அடுத்தடுத்த மேடைகளில் ஒலிக்கின்றன. ஆடுவோர் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு ஓடுகின்றனர். அந்த ஓட்டம் ஒரு காலத்தில் இயலாததாக இருந்தது என்பதை நினைவுகூர்ந்தால் விழா ஒன்றும் சிறுமைப்பட்டதாகத் தோன்றாது.

அந்நியரைப் பற்றியும் ஒரு சொல். றோட் ஐலண்ட் மாநிலத்துச் சார்ள்ஸ்ரவுணிலே, 1998ஆம் ஆண்டு தொடங்கிய விழாவொன்று தொழிலாளர் தின வார இறுதியில் கேஜன், ஸைடெகோ குழுக்களை அழைத்து மூன்று நாட்கள் ஆடவைக்கின்றது. கலிபோர்னியாவிலும் ஐரோப்பாவிலும் இத்தகையன உண்டு. அங்கு வருவோரிற் பலருக்கு லூசியானாவோடு இரத்த உறவு எதுவுமில்லை. இவர்கள் ஆடினால் என்ன குடிமுழுகும் என்று தூய்மைவாதி சொல்வதில்லை. முகத்தைச் சுளிக்கின்றார், அவ்வளவே. சுளிப்புக்கு நியாயம் தேடினால் ஒன்றும் அகப்படுவதில்லை. வெள்ளி இரவு வந்து, சனி முழுவதும் ஆடி, ஞாயிறு பின்னேரம் வீங்கிய பாதங்களோடு காரில் ஏறும் ஆசிரியையோ தாதியோ அவ்விசைஞனுக்கு வேதனம் கொடுக்கின்றார். அதனினும் மேலாக, அவன் கண்பார்த்துத் தாளத்தை இறுக்கவும் தளர்த்தவும் உதவும் பாதங்களைக் கொடுக்கின்றார். ஆடுவோரில்லாத கேஜன் இசைஞன் எதிர்க்கரையின்றி ஓடும் ஆறு. அமர்ந்திருக்கும் ஆயிரம் பேருக்கு வாசிக்கும்போது அவனது வேகம் கூடிவிடுகின்றது, பாட்டு குறுகிவிடுகின்றது, விரல் வித்தைகள் பெருகிவிடுகின்றன. கச்சேரிக்கெனச் செய்யப்பட்ட பதிவுகளையும் ஆடல் மண்டபப் பதிவுகளையும் ஒப்பிட்டுக் கேட்போர் இவ்வேறுபாட்டை உணர்வர்.

அவ்வாறு ஆடவந்தவரிடம் கேட்கவேண்டிய கேள்வி, நீ ஏன் ஆடுகின்றாய் என்பதன்று. ஆடிக் களைத்து அமர்ந்தபின் அந்தப் பாட்டு என்ன சொல்லிற்று என்று அருகிருந்தவரிடம் விசாரித்தாயா என்பதே. விழா நடத்துவோரிடம் கேட்கவேண்டியதும் இதனை ஒத்ததே. அறிவிப்பு எந்த மொழியில்? யூனிஸ் என்னும் சிற்றூரிலே லிபர்ட்டி அரங்கில் 1987இலிருந்து நடத்தப்பட்ட சனிக்கிழமை மாலை வானொலி நிகழ்ச்சியைப் பரி ஆன்செலே ஆண்டுக்கணக்காகப் பெரும்பாலும் கேஜன் பிரெஞ்சிலேயே நடத்தினார். ஆங்கிலம் மட்டும் அறிந்த பயணிகளும் அங்கே வந்து ஆடினர். எவரும் எழுந்து போய்விடவில்லை. மாமூ என்ற ஊரின் மதுச்சாலையொன்றில் 1962 முதல் சனிக்கிழமைக் காலைகளில் இசையும் பிரெஞ்சு வானொலி அறிவிப்பும் ஆட்டமும் ஒருங்கே நடந்துவந்தன. யூனிஸிலேயே மார்க் சவோய் என்பார் 1966இல் திறந்த அக்கோடியன் பட்டறையிலும் சனிக்கிழமைக் காலை கூட்டு வாசிப்பு நிகழும்; கிழவரும் சிறுவரும் ஒரே வட்டத்தில் அமர்வர். இவை இயலுமாயின், பல்லாயிரவர் கூடும் விழாவின் மேடையில் மட்டும் பிரெஞ்சு இரண்டு வாழ்த்துச் சொற்களோடு நின்றுவிடவேண்டிய கட்டாயம் ஏது?

ஏனெனில் இழப்பு மெய்யானது. 1974இன் புதிய மாநில அரசியலமைப்பு மக்கள் தம் வரலாற்று மொழியையும் பண்பாட்டையும் பேணும் உரிமையை ஏற்றது; ஆயின் உரிமை வந்தபோது பேசுவோர் முதுமையடைந்திருந்தனர். இன்று அக்கோடியனைத் திறம்பட வாசிக்கும் இளைஞர் பலர். பாடும் வரிகளை ஒலியளவிலே மனனம் செய்தோரும் அவர்களிடையே உளர். பாட்டு வாழ்ந்து பேச்சு இறந்துபோகும் நிலை அது. களிப்பு இந்நிலையை உண்டாக்கவில்லை. சட்டமும் பிரம்பும் சம்பளமும் உண்டாக்கின. ஆயின் களிப்பு மட்டும் இதனை மாற்றவும் மாட்டாது. 1980களிலிருந்து பிரெஞ்சு மூலமே பாடங்கள் கற்பிக்கும் வகுப்புக்கள் லூசியானாவில் பெருகின. 2023இல் கடலோரத்துப் புவான்-ஓ-ஷியன் என்னும் ஊரிலே, பூர்வீக இந்திய மக்களும் கேஜன் மக்களும் வாழும் பகுதியில், ஒரு பிரெஞ்சுப் பாடசாலையே திறக்கப்பட்டது. பாட்டினாற் கவரப்பட்டு வளர்ந்தபின் மொழியைக் கற்று, தாமே அம்மொழியிற் புதுப்பாடல் இயற்றும் இளங்கலைஞரும் தோன்றியுள்ளனர். இவர்களை ஆக்கிய பெருமையில் ஆடல் மண்டபத்துக்கும் விழாவுக்கும் பங்குண்டு என்பதை ஆடலைப் பழிப்போர் எங்கே கணக்கு வைக்கின்றனர்?

டூவி பல்ஃபா இதனைப் புத்தகங்களைப் படித்து அறிந்தவரல்லர். நியூபோர்ட்டிலிருந்து திரும்பியபின் அவர் வாழ்ந்த பேசில் என்னும் ஊரிலே பயிர் செய்தார், தளபாடக் கடை நடத்தினார், பாடசாலை பஸ் ஓட்டினார். தம் தலைமுறைப் பிள்ளைகளைப் பிரெஞ்சு பேசியமைக்காகத் தண்டித்த பாடசாலைகளுக்குள்ளே பின்னாளில் பிடிலோடு நுழைந்து, பிள்ளைகளுக்கு வாசித்துக் காட்டி, பாட்டின் கதையைச் சொன்னார். 1992இல் அவர் மறைந்தார். அவர் பெயரால் லூசியானாவில் நடத்தப்பட்டுவரும் முகாமுக்கு வருவோர் பகலில் பிடிலும் அக்கோடியனும் ஆட்டமும் பயில்கின்றனர். இரவு வந்ததும் கதிரைகளைச் சுவரோரம் ஒதுக்கிவிடுகின்றனர்.